சான் பிரான்சிஸ்கோவில் வாடகை மிதிவண்டி: இரண்டு நாள் அனுபவம்

சான் பிரான்சிஸ்கோவின் தெருக்களைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள்கூட, அங்கே மிதிவண்டியை வாடகைக்கு எடுக்கப் போகிறேன் என்று சொன்னால் நம்மை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஃபில்பர்ட் தெருவில் ஹைட் தெருவுக்கும் லெவன்வொர்த் தெருவுக்கும் இடையே உள்ள பகுதியின் சரிவு 31.5 விழுக்காடு, அதாவது கிடைமட்டமாக நூறு அடி நகர்வதற்குள் முப்பத்தோரு அடிக்கு மேல் ஏறிவிட வேண்டும். குன்றுகளைச் சுற்றி வளைத்துச் சாலை போடாமல், சதுரங்கக் கட்டம் போல நேர்க்கோடுகளை வரைந்து அவற்றை மேட்டின் மீதே ஏற்றிவிட்ட நகரம் அது. இருந்தும், கடந்த செப்டம்பரில் ஐந்து நாள் விடுமுறையில் நானும் என் மனைவியும் அங்கே தங்கியிருந்தபோது, இரண்டு நாள்களை முழுவதுமாக மிதிவண்டியில் கழித்தோம். நாங்கள் இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். கோவையில் வாரம் இரண்டு காலை வண்டி ஓட்டும் பழக்கம் உண்டே தவிர, விளையாட்டு வீரர்கள் அல்ல.

வண்டிகளை எடுத்தது பிஷர்மன்ஸ் வார்ஃப் என்னும் கடலோரப் பகுதியில் உள்ள ஒரு கடையில். அந்தச் சுற்றுவட்டாரத்தில் நான்கைந்து கடைகள் உள்ளன. வண்டிகளிலும் விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை என்பதால் எந்தக் கடை என்பதைவிட எந்த வண்டி என்பதே எழுதத் தக்கது. கியர் உள்ள சாதாரண மிதிவண்டிக்கு ஒரு நாள் வாடகை 40 டாலருக்குச் சற்றுக் குறைவாகவும், மின்மிதிவண்டிக்கு ஏறத்தாழ அதன் இரு மடங்காகவும் இருந்தது. தலைக்கவசம், பூட்டு, கைப்பிடியில் மாட்டும் சிறிய பை, காகித வரைபடம் ஆகியவை வாடகைக்குள் அடங்கும். கலிஃபோர்னியா சட்டப்படி மிதிவண்டி ஓட்டும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் தலைக்கவசம் கட்டாயம். கட்டாயம் இல்லாவிட்டாலும் அணிந்துகொள்வதுதான் நல்லது. சேதக் காப்பு என்று தனியாக ஒரு தொகையைச் சேர்த்தார்கள். அது கீறல், வளைவு போன்றவற்றுக்கு மட்டும்தான், வண்டி திருடு போனால் உதவாது என்பதை நான் கேட்ட பிறகே சொன்னார்கள். கொடுத்த பூட்டோ மெல்லிய கம்பிவடப் பூட்டு. மிதிவண்டித் திருட்டுக்குப் பேர்போன ஊரில் அதை நம்பி வண்டியைக் கண்ணுக்கு மறைவாக விட எனக்கு மனம் வரவில்லை; ஆகவே உணவகத்தில் சன்னலோர இடமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தோம்.

கோல்டன் கேட் பாலத்துக்குப் போவதென்றால் மின்வண்டிதான் எடுக்க வேண்டும் என்று கடைக்காரர் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். அதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று முதல் நாள் நான் சாதாரண வண்டியையும் என் மனைவி மின்வண்டியையும் எடுத்தோம். இருக்கையின் உயரத்தை ஒருவர் பொறுமையாகச் சரிசெய்து கொடுத்தார், கியர் மாற்றுவதைக் காட்டினார், டயரில் காற்றைப் பார்த்தார். இதுவரை குறை ஒன்றும் இல்லை. ஆனால் நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய ஒன்றை அவர் சொல்லவில்லை. நம் மிதிவண்டிகளில் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்தைப் பிடிக்கும், இடக்கைப் பிரேக் பின்சக்கரத்தைப் பிடிக்கும். அமெரிக்காவில் இது நேர்மாறு. பல ஆண்டுப் பழக்கத்தில் இறக்கத்தில் பின்பிரேக் என்று நினைத்து இடக்கையை இறுக்கினால், அங்கே நின்றுபோவது முன்சக்கரம். ஃபோர்ட் மேசன் மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கும்போது எனக்கு நேர்ந்தது இதுதான். பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் உடனே கையைத் தளர்த்தியதால் விழாமல் தப்பினேன். சாலையின் வலப்புறமாக ஓட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். பிரேக்கும் இடம் மாறியிருக்கும் என்பது எத்தனை பேருக்குத் தோன்றும்? கடையை விட்டுக் கிளம்புமுன் சமதளத்தில் ஒவ்வொரு பிரேக்காகப் பிடித்துப் பார்ப்பது நல்லது.

வார்ஃபிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து அக்கரையில் உள்ள சாசலிட்டோ என்னும் சிற்றூர் வரை ஏறத்தாழ பதின்மூன்று கிலோமீட்டர். இதில் முதல் பாதி கடற்கரையை ஒட்டியே செல்வதால், ஃபோர்ட் மேசனின் குறுகிய செங்குத்து ஏற்றம் ஒன்றைத் தவிர மேடு என்று சொல்ல எதுவுமில்லை. இந்தச் சமதளத்துக்குக் காரணம் உண்டு. மெரினா பகுதியின் பெரும்பாகம், 1915ஆம் ஆண்டின் பனாமா பசிபிக் கண்காட்சிக்காகக் கடலோரத்தைத் தூர்த்துப் பெற்ற நிலம். அந்தக் கண்காட்சியின் எச்சமாக நிற்கும் பேலஸ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் மண்டபத்தைச் சற்று விலகிச் சென்று பார்க்கலாம். அதற்கு அடுத்த கிரிஸ்ஸி ஃபீல்டு முன்பு இராணுவ விமானத் தளமாக இருந்தது. அதற்கும் முன்பு சதுப்பு நிலமாக இருந்ததில் ஒரு பகுதியை இப்போது மீண்டும் சதுப்பாகவே மாற்றி, நாரைகள் நிற்கும்படி விட்டிருக்கிறார்கள். பழைய வரைபடத்தில் எங்கெல்லாம் தண்ணீர் இருந்ததோ, அங்கெல்லாம் இன்று மிதிவண்டி சுலபமாக ஓடும் என்று வைத்துக்கொண்டால் இந்த ஊரில் பெரும்பாலும் தவறாது. மறுநாளும் இதை உணர்ந்தேன்.

கிரிஸ்ஸி ஃபீல்டு கடல்மட்டத்தில் உள்ளது. பாலமோ நீரிலிருந்து ஏறத்தாழ 67 மீட்டர் உயரத்தில் தொங்குகிறது. ஆகவே இந்த வழியின் உண்மையான ஏற்றம் இதுதான். முன்பல்சக்கரத்தில் சிறியதையும் பின்னால் பெரியதையும் ஏற்றத்துக்கு முன்பே போட்டுக்கொண்டு, அவசரப்படாமல் மிதித்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மேலே போய்விடலாம். பாதி மேட்டில் மூச்சு வாங்கும்போது கியரை மாற்றினால் செயின் கறகறவென்று முனகும், சில சமயம் கழன்றும் விடும். முன்னால் போன ஓர் இளைஞருக்கு அப்படித்தான் ஆனது. என் மனைவி வியர்க்காமல் ஏறி மேலே காத்திருந்தார். எனக்கு வியர்த்தது, ஆனால் இறங்கித் தள்ள வேண்டியிருக்கவில்லை.

பாலத்தின் மேல் மின்வண்டியால் எந்த ஆதாயமும் இல்லை. 1937 மே 27 அன்று திறக்கப்பட்ட அந்தப் பாலம் 2.7 கிலோமீட்டர் நீளம். இருபுறமும் உள்ள நடைபாதைகளில் மிதிவண்டிகளுக்கு எந்தப் பக்கம் என்பது கிழமையையும் நேரத்தையும் பொறுத்து மாறும் என்பதால், நுழைவாயிலில் உள்ள பலகையைப் பார்த்துவிட்டுத்தான் செல்ல வேண்டும். கோபுரங்களைச் சுற்றி வளையும் இடங்களில் பாதை குறுகிவிடும். எதிரே வருபவர்களும் படமெடுக்க நிற்பவர்களுமாக நெரிசல் இருக்கும். பக்கவாட்டில் அடிக்கும் காற்று கைப்பிடியைத் தட்டிவிடப் பார்க்கும். அங்கே எல்லோருக்கும் ஒரே வேகம்தான். இதைவிட, தடித்த மேலாடை ஒன்று முக்கியம். செப்டம்பர் மாதம் அந்த ஊரின் இதமான மாதங்களில் ஒன்று. அப்படியிருந்தும் நடுப்பாலத்தில் பனிமூட்டம் நுழைந்தவுடன் விரல்கள் விறைத்தன. வடக்குக் கோபுரத்தைத் தாண்டியவுடன் வெயில்! ஒரே பாலத்தில் இரண்டு பருவங்களைக் கண்டது கண்ணுக்கும் உடலுக்கும் விருந்துதான்.

பாலத்தைத் தாண்டியபின் அலெக்ஸாண்டர் அவென்யூவில் சாசலிட்டோவுக்கு நீண்ட இறக்கம். கார்களும் உடன் வரும் குறுகலான சாலை என்பதால் அந்த இரண்டு மூன்று கிலோமீட்டரில் கண்ணைக் காட்சியில் விடக் கூடாது. இறங்கிய மேட்டில் மறுபடி ஏறித் திரும்புவதைவிட, சாசலிட்டோவிலிருந்து படகில் வண்டியோடு நகரத்துக்கு வந்துவிடுவதே பெரும்பாலோர் செய்வது. நாங்களும் அதையே செய்தோம். வண்டிகளுக்கு முன்பதிவு இல்லை, முதலில் வந்தவருக்கு முதலிடம். பிற்பகல் நான்கு மணிக்கு எங்களுக்கு முன் முப்பது வண்டிகளாவது வரிசையில் நின்றன. கிளிப்பர் என்னும் பயண அட்டை கையில் இருந்தால் கட்டணம் குறையும், பயணச்சீட்டு வரிசையும் மிச்சம். படகு ஃபெர்ரி பில்டிங் துறையில் வந்து சேரும். அங்கிருந்து வார்ஃப் வரை எம்பார்கடேரோ சாலையில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் சமதள ஓட்டம். 1989 நிலநடுக்கத்தில் சேதமடைந்த இரண்டடுக்கு மேம்பாலச் சாலையை 1991இல் இடித்துத் தள்ளியதால்தான் அந்தக் கடலோரம் இப்படித் திறந்து கிடக்கிறது. ஆக, பாலத்துக்கு மின்வண்டி கட்டாயம் என்ற கடைக்காரரின் கூற்று எங்கள் அளவில் பொய்த்தது. முழங்கால் வலி இல்லாத எவரும் சாதாரண வண்டியில் போய்வரலாம். மிச்சமாகும் பணத்தில் இருவர் படகில் திரும்பி வந்துவிடலாம்.

இரண்டாம் நாள் நகரத்துக்குள். இப்போது இருவருக்கும் மின்வண்டி. அதன் பெருமையைச் சொல்லுமுன் தண்டவாளங்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். 1873 முதல் ஓடும் கேபிள் கார்களுக்கு இரு தண்டவாளங்களோடு நடுவே வடம் ஓடும் பிளவும் உண்டு. மார்க்கெட் தெருவிலும் டுபோஸ் அவென்யூவிலும் டிராம் தண்டவாளங்கள் உள்ளன. மிதிவண்டியின் மெல்லிய டயர் இவற்றுக்குள் இறங்கினால் கைப்பிடி நம் சொல் கேட்காது. கூடியவரை செங்குத்தாகத்தான் கடக்க வேண்டும். பனியில் நனைந்த இரும்பின் மேல் பிரேக் பிடிக்கவே கூடாது. கடையின் காகித வரைபடத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது வியப்பாக இருந்தது, அந்த வரைபடத்தின் பாதி இடத்தை உணவக விளம்பரங்கள் அடைத்திருந்தன என்றாலும்.

மார்க்கெட் தெருவிலிருந்து கோல்டன் கேட் பூங்காவுக்குப் போவதற்கு உள்ளூர் மிதிவண்டிக்காரர்கள் பயன்படுத்தும் வழிக்கு ‘விகிள்’ என்று பெயர். நெளிவு என்று பொருள். டுபோஸ், ஸ்டெய்னர், வாலர், பியர்ஸ், ஹேய்ட் (முதலில் சொன்ன ஹைட் அல்ல), ஸ்காட் என்று ஒவ்வொரு தெருவிலும் ஒன்றிரண்டு கட்டடத்தொகுதி தூரம் போய்த் திரும்பித் திரும்பி, இருபுறமும் குன்றுகளைத் தொடாமல் நழுவிச் செல்லும் ஒன்றரைக் கிலோமீட்டர் வழி அது. சரிவு எங்கும் ஆறு விழுக்காட்டைத் தாண்டாது. ஒரு காலத்தில் ஓடை ஓடிய பள்ளத்தாக்கின் தடம் என்பதால்தான் இந்தச் சலுகை. தரையில் பச்சை வண்ணத்தில் அம்புக்குறி தீட்டியிருப்பதால் கைப்பேசியைப் பார்க்கத் தேவையில்லை. உண்மையில் இதற்கும் மின்வண்டி வேண்டியதில்லை. பூங்காவில், கிழக்குப் பகுதியில் மட்டும் 2020இல் கார்கள் நிறுத்தப்பட்டு, 2022 வாக்கெடுப்பில் அது உறுதியான ஜே.எஃப்.கே. சாலை கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. காட்டெருமைகளையும் 1903இல் கட்டிய டச்சுக் காற்றாலையையும் பார்த்துக்கொண்டு பசிபிக் கரை வரை பெரும்பாலும் மிதிக்காமலே போகலாம். திரும்பும்போது ஏற்றம்தான், ஆனால் கடற்காற்று முதுகைத் தள்ளும்.

கொடுத்த பணம் வசூலானது அதற்குப் பின்தான். கிளேட்டன் தெரு வழியாக ட்வின் பீக்ஸ் மேட்டுக்கு, ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்துக்கு, இருவரும் மின்வண்டியில் பேசிக்கொண்டே ஏறினோம். சாதாரண வண்டியில் நான் பாதி வழியில் இறங்கித் தள்ளியிருப்பேன், மனைவி முதல் வளைவிலேயே திரும்பியிருப்பார். மேலே நின்று பார்த்தபோது முந்தைய நாள் கடந்த பாலமும் படகு வந்த வளைகுடாவும் மார்க்கெட் தெருவின் நீண்ட கோடும் ஒரே பார்வைக்குள் விழுந்தன. இறங்கும்போது வண்டியின் கனம் தெரிந்தது. இருபது கிலோவுக்கு மேற்பட்ட இரும்பை நிறுத்த இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டியிருந்தது. எங்கள் வண்டிகளில் டிஸ்க் பிரேக் இருந்ததால் பயமில்லை. வாடகைக்கு எடுக்குமுன் இதைக் கட்டாயம் கேளுங்கள். மாலையில் மின்கலத்தில் மூன்றில் ஒரு பங்கு மீதி இருந்தது.

தெருவோர நிலையங்களில் செயலி வழியாக எடுக்கும் பே வீல்ஸ் பொது மிதிவண்டிகளும் நகரமெங்கும் உள்ளன. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சட்டென்று போக அவை வசதி. நாள் முழுக்க வைத்துச் சுற்றினால் நிமிடக் கணக்கில் கட்டணம் ஏறிவிடும். சாசலிட்டோவில் வண்டியை ஒப்படைக்க நிலையமும் இல்லை.

கடையை நோக்கி இரண்டு நாளும் மணியைப் பார்த்துக்கொண்டேதான் விரைந்தோம், ஏனெனில் மூடும் நேரத்தைத் தாண்டினால் மறுநாள் வாடகையும் சேரும். திரும்ப ஒப்படைத்தபோது வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்கள், நேர்மையாகவே நடந்துகொண்டார்கள். பிணைத்தொகையாகக் கடன் அட்டையில் முடக்கிய பணம் மட்டும் நாங்கள் ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்தே விடுபட்டது.