கிராபிக்ஸ் கார்டுக்குப் பில்லில் 'ஆர்டிஎக்ஸ் 3050' என்று மட்டும் எழுதித் தந்தால் ஏற்காதீர்கள்

புதிதாக அசெம்பிள் செய்து வாங்கிய கணினியில் கேம் திணறினால் முதலில் டிரைவரையும் விண்டோஸையும் சந்தேகிப்பதே வழக்கம். எனக்குக் கணினியைப் பூட்டித் தந்த கடையும் என்னை அந்தத் திசையில்தான் திருப்பிவிட்டது. டிரைவரை மாற்றச் சொன்னார்கள், விண்டோஸை மறுபடி ஏற்றச் சொன்னார்கள், கடைசியில் "கேமே கனமானது சார்" என்றார்கள். சொன்னதையெல்லாம் செய்தும் எந்த மாற்றமும் இல்லாததால், கோளாறு எங்கே என்று நானே தேட ஆரம்பித்தேன்.

1080பி திரைத் தெளிவில் (ரெசல்யூஷன்) ஓடிய கேமை அதைவிடக் குறைந்த 720பிக்கு இறக்கிப் பார்த்தேன். குறை கிராபிக்ஸ் கார்டில் மட்டும் இருந்தால் நொடிக்கு வரும் பிரேம்களின் (படங்களின்) எண்ணிக்கை நன்றாகவே ஏற வேண்டும். ஏறவே இல்லையென்றால் பிராசஸர், ரேம் பக்கம் பார்க்க வேண்டும். எனக்குச் சராசரி ஏறியது, ஆனால் இடையிடையே சிக்கி நிற்பது அப்படியே தொடர்ந்தது. ஆகவே இரண்டு பக்கத்தையும் சோதித்தேன்.

கொட்டேஷனில் 8 ஜிபி ரேம் இரண்டு என்று இருந்தது. பில்லிலோ '16 ஜிபி, 3200' என்று மட்டும் இருந்தது. மதர்போர்டில் 16 ஜிபி ரேம் ஒன்றே ஒன்று செருகப்பட்டிருந்தது. பிராசஸர், ரேம் விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் அதன் வேகத்தை 1066 என்று காட்டியது. அது பாதிக் கணக்கில் காட்டும் என்பதால் உண்மையான வேகம் 2133. அதாவது கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், ரேமை அதற்குரிய முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பை யாரும் இயக்கவே இல்லை. இரண்டு ரேம் இரட்டைச் சேனலில் (இரண்டு பாதையில் ஒருசேர) 3200 வேகத்தில் ஓடினால் நொடிக்கு 51.2 ஜிபி வரை தரவு செல்ல வழியுண்டு. ஒற்றை ரேம் 2133 வேகத்தில் ஓடும்போது அது சுமார் 17 ஜிபிதான். மூன்றில் ஒரு பங்குக்குத் தொகையை முழுதாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது கார்டு, ஏமாற்று என்று நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றியபோது, கார்டின் விளிம்பில் மின் கேபிள் செருகும் இடமே இல்லை. பவர் சப்ளையிலிருந்து கார்டுக்கென வரும் எட்டு முனைக் கேபிள் டை போட்டுக் கட்டியபடி அடியில் கிடந்தது. கொட்டேஷனில் இருந்த, 2022இல் வெளிவந்த 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 கார்டு 130 வாட் வரை எடுக்கும். மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட் என்பதால் அதற்குத் தனிக் கேபிள் இல்லாமல் தீராது. 2024இல் அதே பெயரில் வந்த 6 ஜிபி கார்டுக்கோ 70 வாட் போதும். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்ததும் ஐயம் தீர்ந்தது: கணக்கிடும் கோர் 2304, நினைவகப் பாதையின் அகலம் 96 பிட், நினைவக வேகம் நொடிக்கு 168 ஜிபி. 8 ஜிபி கார்டாக இருந்திருந்தால் 2560 கோர், 128 பிட், 224 ஜிபி என்று காட்டியிருக்கும்.

6 ஜிபி கார்டு போலி அல்ல, மோசமான சரக்கும் அல்ல. சின்ன பவர் சப்ளை உள்ளவர்களுக்கு அது நல்ல தேர்வுதான். 8 ஜிபி கார்டுக்கான தொகையை வாங்கிக்கொண்டு அதைப் பூட்டித் தந்ததுதான் மோசடி. கார்டின் பெட்டியை "வாரண்டிக்கு வேண்டும்" என்று கடையிலேயே வைத்துக்கொண்டதன் காரணமும் இப்போது விளங்குகிறது, ஏனெனில் அதன் மேல்தான் 6 ஜிபி என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும்.

கொட்டேஷனைக் காட்டியதும் ரேமை முணுமுணுத்துக்கொண்டே மாற்றித் தந்தார்கள். எக்ஸ்எம்பியை நானே இயக்கிக்கொண்டேன். சிக்கல் பெருமளவு குறைந்தது. கார்டு விஷயத்தில் மட்டும் "பில்லில் 3050 என்று இருக்கிறது, 3050தான் கொடுத்திருக்கிறோம்" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை.

கணினி வாங்கப் போகிறவர்கள் கார்டின் நினைவக அளவு, ரேம் எத்தனை, ஒவ்வொன்றின் சீரியல் எண் ஆகியவற்றைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எல்லாப் பெட்டிகளையும் கேட்டு வாங்குங்கள். மீதித் தொகையைக் கொடுப்பதற்கு முன் கடையிலேயே ஜிபியு-இசட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இலவச மென்பொருள்தான், மறுக்க அவர்களுக்கு நியாயமான காரணம் எதுவும் இருக்க முடியாது. கொட்டேஷனையும் ஜிபியு-இசட் திரைப் படத்தையும் இணைத்து எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்பியிருக்கிறேன். கடையிலிருந்து இன்னும் பதில் இல்லை.