ரத்தான விமானம்: கவுண்டர் கடிதமா, போன் ஸ்கிரீன்ஷாட்டா?

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல்காரர்களுக்கு விமானம் என்றால் பெரும்பாலும் திருவனந்தபுரம்தான். அங்கிருந்து சென்னைக்கு நான் போட்டிருந்த விமானம், புறப்பட இருந்த அன்றே ரத்தானது. இழப்பீடு கேட்க ஆதாரம் சேர்க்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ரத்தையும் அதன் காரணத்தையும் கவுண்டரிலேயே எழுதி வாங்குவது. இன்னொன்று, போனில் வந்த மெசேஜ், மெயில், விமானம் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஆப் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது. நான் எழுதி வாங்கினேன். இன்றைக்கும் கடிதத்தின் பக்கம்தான் நிற்பேன்.

டிக்கெட், பி.என்.ஆர்., பணம் கட்டிய விவரம் எப்படியும் வேண்டும், அதில் பேச ஒன்றுமில்லை. டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணம் தனியே தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி இழப்பீடு, பயண நேரம் ஒரு மணி வரை என்றால் 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து இதைவிடக் குறைவாக இருந்தால், அந்தக் குறைந்த தொகைதான். டிக்கெட் பணம் திரும்ப வருவது இதில் சேராது, அது தனிக் கணக்கு.

போன் ஆதாரம் ஒரு விஷயத்தில் கடிதத்தை அடித்துவிடும்: எப்போது சொன்னார்கள் என்பதில். புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் மாற்று விமானமோ டிக்கெட் பணமோதான், இழப்பீடு கிடையாது. அதனால் மெசேஜ் வந்த நேரம் முக்கியம். நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. டிராவல்ஸில் டிக்கெட் போட்டால் பல இடங்களில் அவர்கள் நம்பரையே கொடுத்துவிடுவார்கள். மெசேஜ் அவர்கள் போனுக்குப் போகும், நமக்குத் தெரியாது. பயணி சரியான தொடர்பு விவரம் தராவிட்டால் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று விதியே விமான நிறுவனத்துக்குக் கைகொடுக்கிறது. டிக்கெட் போடும்போதே "என் நம்பரைப் போடுங்கண்ணே" என்று சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் இழப்பீடு பெரும்பாலும் மாட்டிக்கொள்வது காரணத்தில்தான். வெள்ளம், கலவரம், வேலைநிறுத்தம், அரசு உத்தரவு, மோசமான வானிலை என்று நிறுவனத்தின் கையை மீறிய காரணமாக இருந்தால் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். போன் மெசேஜில் பெரும்பாலும் 'ரத்து, வருந்துகிறோம்' என்பதற்கு மேல் இருக்காது. அந்த வெற்றிடத்தில் பிறகு எந்தக் காரணத்தையும் நிரப்பலாம்.

என் விஷயத்தில் நடந்ததும் அதுதான். கவுண்டரில் இருந்த பெண் முதலில் "அதெல்லாம் எழுதித் தர மாட்டோம் சார்" என்றார். டியூட்டி மேனேஜரைக் கேட்டு நின்றேன். அவர் வந்து லெட்டர்ஹெட்டில் விமான எண், தேதி, 'ஆபரேஷனல் ரீசன்' (இயக்கக் காரணம்) என்று எழுதி, சீல் வைத்து, பக்கத்தில் மணியையும் நீல மையில் குறித்துக் கொடுத்தார். எதற்கும் ஒட்டாத சொல் என்று அப்போது சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் விலக்குப் பட்டியலில் அந்தச் சொல் இல்லை! பின்னால் மெயிலில் 'வானிலை' என்று பதில் வந்தபோது அந்தக் கடிதத்தின் நகலை ஏர்சேவா என்ற அரசின் விமானப் புகார்த் தளத்தில் புகாரோடு இணைத்தேன். அதற்கப்புறம் வானிலைப் பேச்சே வரவில்லை, பணம் வந்தது.

கடிதம் இல்லாதவர்கள் வானிலைப் பதிலை மறுக்க மெட்டார் குறிப்பைத் தேடலாம். விமான நிலையங்கள் பொதுவாக அரை மணிக்கு ஒருமுறை வெளியிடும் வானிலைப் பதிவு அது, திருவனந்தபுரத்துக்கு விஓடிவி என்று குறியீடு. ஆனால் அது இங்கே மழை இல்லை என்று மட்டும்தான் சொல்லும். விமானம் சென்னையில் மாட்டியிருந்தால் அங்கத்திய பதிவும் வேண்டும். (பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலத்துக்கு ஓடுபாதையைச் சில மணி நேரம் மூடுவார்கள். அது முன்கூட்டியே அறிவித்து நடப்பது, திடீர்க் காரணமாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.)

என் விவகாரம் நுகர்வோர் ஆணையம் வரை போகவில்லை, அதனால் அங்கே எந்த ஆதாரம் எவ்வளவு எடுபடும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலிலேயே, வழக்குப் போடலாம். இரண்டு வருடம் அவகாசம், கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. அங்கே போகிறவர்கள், ரத்தால் ஆன டாக்ஸிச் செலவையும் கேட்பதானால், டாக்ஸிக்காரரிடம் கையெழுத்தோடு பில்லும் வாங்கி வையுங்கள். வளைகுடா விமானங்களில் எனக்குப் பழக்கமில்லை.

வீட்டில் இருக்கும்போதே ரத்து மெசேஜ் வந்துவிட்டால், ஒரு கடிதத்துக்காகக் களியக்காவிளை எல்லை தாண்டிப் போகச் சொல்ல மாட்டேன். அப்போது போன்தான் கதி. மெசேஜில் வரும் லிங்கை அழுத்தும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, 'ரத்துக்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்' என்று அந்த நேரமே நிறுவனத்துக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.