பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்சி: 2014 முதல் பார்த்துவரும் ரசிகனின் அனுபவம்

கால்பந்து பார்க்க ஸ்டேடியத்துக்குப் போகிறேன் என்றால் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அவ்ளோ தூரத்துலேர்ந்து பந்து தெரியுமா?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. பெரியமேட்டில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் கால்பந்துக்காக மட்டும் கட்டியது அல்ல. 1993-ல் எழும்பியபோதே தடகளமும் கணக்கில் இருந்தது. 1995-ல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளை இந்த ஊர்க்காரர்கள் பலர் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். அதனால் ஆடுகளத்துக்கும் நம் நாற்காலிக்கும் நடுவே ஓடுபாதை முழுசாகக் கிடக்கிறது. கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தால் இடைவெளி இன்னும் கூடுதல். அங்கே ஓடுபாதை வளைந்து போவதால் நடுவில் ஒரு அரைவட்ட நிலம் சும்மா கிடக்கும்.

ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) தொடங்கிய 2014-லிருந்து இங்கே நம் ஊர் அணியான சென்னையின் எஃப்சியின் ஆட்டம் பார்த்துவருகிறேன். எல்லாப் பக்கத்திலும் உட்கார்ந்து பார்த்தாகிவிட்டது. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஸ்டேடியத்தில் எங்கே உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் பார்க்கும் ஆட்டமே மாறும். டிக்கெட் விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். என்ன பார்க்க ஆசை என்று யோசித்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் வரிசைக்கு ஆசைப்படுபவர்கள் அதிகம். வீரர்கள் பக்கத்தில் தெரிவார்கள் என்று நினைப்பு. தெரிவார்கள்தான், அவர்கள் நம் பக்கத்து ஓரக்கோட்டுக்கு வரும்போது மட்டும். பந்து எதிர்ப்பக்கம் போய்விட்டால் கீழ் வரிசையில் இருப்பவருக்கு எல்லாரும் ஒரே கோட்டில் நிற்பதுபோலத்தான் தெரியும். யார் முன்னே, யார் பின்னே என்று புரியாது. ஆஃப்சைடா (பந்து வரும் நொடியில் ஸ்ட்ரைக்கர் தற்காப்பு வரிசையைத் தாண்டி நின்றாரா) இல்லையா என்று பக்கத்தில் இருப்பவரோடு சண்டை போடலாம், அவ்வளவுதான்.

என் தேர்வு எப்போதுமே பக்கவாட்டு ஸ்டாண்டில் நடுக்கோட்டுக்கு நேராக, முடிந்தவரை உயரமாக. அங்கிருந்து பார்த்தால் ஓடுபாதை ஒரு பொருட்டே இல்லை. டிவி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். மேலே உட்கார்ந்திருப்பவர் பந்து இல்லாத இடத்தையும் பார்க்கலாம். 2017-18 சீசனில் ஜான் கிரிகோரி பயிற்சியாளராக இருந்தபோது மெயில்சன் ஆல்வெஸ் பின்களத்தை நடத்திய விதத்தை அப்படித்தான் ரசித்தேன். எதிரணி பந்தைத் தன் கோல்கீப்பருக்குத் திருப்பி அனுப்பிய நொடியில் கையை வீசி நால்வரையும் பத்தடி முன்னே இழுப்பார். முன்னால் இருந்த எதிரணி ஸ்ட்ரைக்கர் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆஃப்சைடில் நிற்பார். இது டிவியில் வரவே வராது. திரையில் அப்போது கோல்கீப்பர் பந்தை உதைக்கத் தயாராவதைத்தான் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

நடுக்கள வீரர் கிரிவெல்லாரோவையும் மேலிருந்து பார்த்திருக்க வேண்டும். பந்து வருவதற்கு முன்பே தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொள்வார். பந்து காலில் பட்டதும் யாருக்குத் தரப்போகிறார் என்று நமக்கும் தெரிந்துவிடும், ஏனென்றால் ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் எந்த இடைவெளிக்குள் நகர்கிறார் என்பதை நாமும் பார்த்துக்கொண்டிருப்போம். 2019-20 சீசனில் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கினார். அந்தக் கோல்களில் பாதி அழகு அவர் பந்தைத் தொடுவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

ஆட்டத்தைவிடக் கூட்டம் முக்கியம் என்பவர்கள் மேலே வர வேண்டாம், பி ஸ்டாண்டுக்குப் போங்கள். பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்ற ரசிகர் குழுவின் பெயரே அந்த ஸ்டாண்டிலிருந்து வந்ததுதான். சூப்பர்மச்சான்ஸ் என்று இன்னொரு பெரிய குழுவும் உண்டு. இவர்கள் நடுவில் உட்காரலாம் என்று போகாதீர்கள், உட்கார முடியாது. தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும்.

அங்கே கோஷத்தை வழிநடத்துபவர் ஒருவர் இருப்பார். வேலிக்குப் பக்கத்தில், ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டியபடி நிற்பார். அவர் கண்ணெல்லாம் கூட்டத்தின் மேல்தான். ஒரு பகுதி சோர்ந்தால் அந்தப் பக்கம் கையை நீட்டுவார், ட்ரம் அடிப்பவருக்குச் சைகை காட்டுவார், குரல் கம்மிப்போனால் கைதட்டலுக்கு மாற்றுவார். நம் அணி பந்தை எடுத்துக்கொண்டு மேலேறுவதை எதிரில் இருக்கும் முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். கோல் விழுந்த பிறகு ஒரு நொடி திரும்பிப் பார்ப்பார், அதற்குள் வீரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார்கள். காசு கொடுத்து உள்ளே வந்து, ஆட்டத்தைப் பார்க்காமல், மற்றவர்கள் கத்துவதற்காகத் தன் மாலையைச் செலவழிக்கும் இந்த மனிதர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பாதி காலி நாற்காலிகளோடு நடந்த ஆட்டங்களில்கூட அந்த ஸ்டேடியத்தில் உயிர் இருந்தது இவர்களால்தான்.

காலி நாற்காலி என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் சீசனில் கூட்டம் வேறு மாதிரி. தோனியும் அபிஷேக் பச்சனும் உரிமையாளர்கள், உலகக் கோப்பை வென்ற மாத்தராசி பயிற்சியாளரும் வீரரும், பிரேசில் நட்சத்திரம் எலானோ ஃப்ரீகிக் அடிக்கிறார் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? சொந்த மண்ணில் முதல் ஆட்டம் 2014 அக்டோபர் 21, கேரளா பிளாஸ்டர்ஸோடு. மறுநாள் தீபாவளி. ஊரில் பாதிப் பேர் பேருந்து நிலையத்திலும் மீதிப் பேர் தி.நகரிலும் இருந்திருக்க வேண்டிய ராத்திரி அது. மெண்டோசா காற்றில் படுத்து அடித்த சைக்கிள் கிக்கோடு 2-1 என்று ஜெயித்தோம். அடுத்த வாரமே மும்பையை 5-1. அப்போது வந்தவர்களில் பலர் நட்சத்திரங்களைப் பார்க்க வந்தவர்கள். நட்சத்திரங்கள் போனதும் அவர்களும் போய்விட்டார்கள்.

தங்கியவர்கள் வேறு ரகம். என் பக்கத்து இருக்கைக்கு அடிக்கடி வரும் பெரியவர் ஒருவர் இந்தியன் வங்கி அணி தேசிய லீகில் ஆடிய காலத்திலிருந்து கால்பந்து பார்ப்பவர். வியாசர்பாடி, பெரம்பூர் பக்கமிருந்து கூட்டமாக வரும் பையன்கள் இன்னொரு பக்கம். அவர்கள் தாங்களே ஆடுபவர்கள் என்பது பேச்சிலேயே தெரியும். "உள்ள கட் பண்ணுடா" என்று கத்துவது, ஓரத்தில் ஓடும் விங்கர் உள்ளே வெட்டித் திரும்புவதற்கு முன்பே வரும். இவர்களோடு உட்கார்ந்து பார்ப்பதே தனிப் பாடம்.

இவர்களுக்கு 2018 மார்ச் 13 மறக்காது. கோவாவோடு அரையிறுதி இரண்டாவது ஆட்டம். அங்கே 1-1 முடித்துவிட்டு வந்திருந்தோம். முதல் பாதியிலேயே ஜெஜெ ஒன்று போட்டார், சில நிமிடங்களில் தனபால் கணேஷ் இரண்டாவதைப் போட்டார். சென்னைப் பையன், சென்னை அணிக்காக, சென்னை மைதானத்தில், அரையிறுதியில்! அந்தக் கோலுக்குக் கிளம்பிய சத்தம் ஜெஜெயின் கோலுக்குக் கிளம்பியதைவிடப் பெரியது என்று இன்றும் சொல்வேன். கடைசியில் ஜெஜெ இன்னொன்று சேர்த்து 3-0. நான்கே நாளில் பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் 3-2 என்று ஜெயித்து இரண்டாவது கோப்பையையும் தூக்கினோம்.

ஒரு அணி தன் ஊர்ப் பிள்ளைகளை ஆட வைத்தால் ஸ்டேடியத்துக்குள் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எட்வின் சிட்னி வன்ஸ்பால் பந்தைத் தொட்டபோதும் இப்படித்தான் ஒரு சத்தம் எழுந்திருக்கிறது. பணம் கொட்டி வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரைக் கூட்டி வருவது தேவைதான். ஆனால் பெரம்பூரிலிருந்து ஒரு குடும்பத்தையே டிக்கெட் வாங்க வைப்பது அந்தத் தெருப் பையன் சட்டை போட்டு இறங்குவதுதான்.

என் நினைவில் நிற்கும் இன்னொரு ராத்திரி 2020 பிப்ரவரி 29. மறுபடியும் கோவா, மறுபடியும் அரையிறுதி. இடைவேளையில் 0-0. பிறகு கோயன், தாபா, சாபியா, சாங்தே என்று இருபத்தைந்தே நிமிடத்தில் நான்கு கோல். 4-1 என்று முடிந்தது. அங்கே போய் 4-2 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் 6-5 என்று இறுதிக்குப் போனோம். ஆனால் கொரோனாவால் இறுதி ஆட்டமே ரசிகர்கள் இல்லாமல் நடந்தது. அடுத்த இரண்டு சீசன் முழுக்கக் கோவாவில், பூட்டிய கதவுகளுக்குள். 2022 அக்டோபரில் பெங்களூருவோடு 1-1 ஆடியபோதுதான் அணி மறுபடி நம் ஊர்க் கூட்டத்தின் முன்னால் இறங்கியது. இரண்டரை வருஷத்துக்கும் மேல். அதற்கு முன்பே 2015 வெள்ளத்தில் கொல்கத்தாவோடு நடக்க வேண்டிய நம் அரையிறுதி புனேவுக்குப் போன வலி உண்டு. 3-0 என்று ஜெயித்ததை வீட்டில் கரண்ட் வந்த பிறகு கேள்விப்பட்டவர்கள் எத்தனையோ பேர். ரசிகனுக்கு இதெல்லாம் ஆறாத குறைதான்.

கேரளாவோடு ஆட்டம் என்றால் எல்லாக் கணக்கும் மாறும். காலையிலேயே திருவனந்தபுரம் மெயிலிலும் ஆலப்புழா எக்ஸ்பிரஸிலும் மஞ்சள் சட்டைகள் சென்ட்ரலில் இறங்கத் தொடங்கிவிடும். சென்ட்ரலிலிருந்து நடக்கும் தூரத்தில்தானே ஸ்டேடியம். மதியத்துக்குள் பெரியமேட்டுச் சாப்பாட்டுக் கடைகளில் மலையாளம்தான் கேட்கும். போதாததற்குச் சென்னையிலேயே வேலை பார்க்கும் மலையாளிகளும் சேர்ந்துகொள்வார்கள். சில வருஷங்களில் இது நம் மைதானமா அவர்கள் மைதானமா என்று சந்தேகமே வந்துவிடும். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆட்டம் முடிவதற்கு முன்பே திருவனந்தபுரம் மெயில் கிளம்பிவிடும் என்று தெரிந்தும், ராத்திரி எங்கே தங்குவது என்று யோசிக்காமல் வருகிறார்கள். அந்தப் பற்றை நம் ஆட்கள் கற்றுக்கொள்ள வேண்டும். முதல்முறை வருபவர்களுக்கு இந்த ஆட்டத்தைத்தான் சிபாரிசு செய்வேன். டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இனி நடைமுறை விஷயங்கள். பைக்கில் வருவதாக இருந்தால் ஹெல்மெட்டை வண்டியிலேயே பூட்ட வழி செய்துகொள்ளுங்கள், உள்ளே கொண்டுபோக முடியாது. பவர் பேங்க், சில்லறைக் காசு, தண்ணீர் பாட்டில் எல்லாம் வழக்கமாக வாசலிலேயே போய்விடும். குடையும் அப்படித்தான். நவம்பர், டிசம்பர் ஆட்டங்கள் வடகிழக்குப் பருவமழையோடு வரும் என்பதால் மடித்து வைக்கும் ரெயின்கோட் நல்லது. மார்ச்சில் வேறு பிரச்சினை, ராத்திரி எட்டு மணிக்கும் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஈரப்பதத்தில் எழுபது நிமிடத்துக்குப் பிறகு வீரர்கள் இடுப்பில் கை வைத்து நிற்பதைப் பார்த்தால், "ஏன்டா ஓட மாட்டேங்கறே" என்று யாரையும் திட்ட மனசு வராது.

குழந்தைகளோடு வருபவர்களுக்கு மேல் வரிசைதான் நல்லது. கீழே கூட்டம் எழுந்து நின்றால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பி ஸ்டாண்டில் சில நேரம் கெட்ட வார்த்தை பறக்கும், அது பிடிக்காதவர்கள் அங்கிருந்து தள்ளியே உட்காரலாம். நான் மகளை அழைத்துக்கொண்டு போகும்போது ஒரு மணி நேரம் முன்னதாகவே உள்ளே போய்விடுவோம். கோல்கீப்பர்களின் வார்ம்அப் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். பயிற்சியாளர் தரையோடு அடிக்கும் பந்துக்கு ஒரு பக்கம் விழுந்து, எழுந்து, அடுத்த நொடியே மறுபக்கம் விழ வேண்டும். அதைப் பார்த்துவிட்டு வந்து வீட்டு மெத்தையில் ஒரு வாரம் அதே பயிற்சி நடந்தது.

பெரிய தடை நேரம்தான். 7.30-க்குத் தொடங்கும் ஆட்டம் முடிய 9.20 ஆகும், வாசலைத் தாண்ட இன்னும் கொஞ்ச நேரம். சனி, ஞாயிறு என்றால் கவலையில்லை. வாரநாளில் மறுநாள் பள்ளி இருக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆவடிக்கோ கூடுவாஞ்சேரிக்கோ எப்போது போய்ச் சேர்வது? லீக் அட்டவணை போடுபவர்கள் குடும்பங்களை நினைத்து வார இறுதி ஆட்டங்களை அதிகப்படுத்தினால் இந்த நாற்காலிகள் தானாக நிறையும் என்பது என் உறுதியான எண்ணம்.

திரும்பும்போது வாசலிலேயே ஆட்டோவுக்கு நிற்காதீர்கள், அந்த நேரத்தில் வாயில் வந்ததுதான் ரேட். சென்ட்ரல் பக்கம் நடந்துவிட்டால் மெட்ரோ இருக்கிறது. ஆவடி, திருவள்ளூர் போகிறவர்களுக்கு மூர்மார்க்கெட் வளாகத்தில் புறநகர் ரயில், தாம்பரம் பக்கம் போகிறவர்களுக்கு எதிரில் பூங்கா நிலையம். ஜெயித்த ராத்திரி என்றால் அந்த நடையில் பாட்டு குறையாது, தோற்ற ராத்திரி என்றால் இடது பக்கத் தற்காப்பு வீரரை மாற்றியிருக்க வேண்டும் என்று சென்ட்ரல் வரை பேசிக்கொண்டே போகலாம். இரண்டுக்கும் ஆள் கிடைப்பார்கள்.