மக்காச்சோளத்துக்குத் தழைச்சத்து: மூட்டையா, சொட்டுநீரா, தெளிப்பா?

பழனி மலையின் வடக்கு அடிவாரத்தில், ஆயக்குடியிலிருந்து ஒட்டன்சத்திரம் வரை மக்காச்சோளம் விதைப்போர் முன்னே இன்று மூன்று வழிகள் உள்ளன: வேம்பு பூசிய யூரியாவைப் பிரித்து இடுவது, சொட்டுநீரில் கரைத்து விடுவது, நானோ யூரியா எனும் திரவ உரத்தை இலைமேல் தெளிப்பது. இட்ட சத்தில் எவ்வளவு தானியமாகிறது என்பதைக் கொண்டே இவற்றை எடைபோட வேண்டும். உலக அளவில் தானியப் பயிர்களுக்கு இடும் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) மூன்றில் ஒரு பங்கே தானியத்தில் சேர்கிறது என்று 1999இல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறியது.

இறவையில் வீரிய ஒட்டு ரகத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்தைப் பரிந்துரைக்கிறது: அடியுரமாகக் கால் பங்கு, 25ஆம் நாள் பாதி, 45ஆம் நாள் மீதிக் கால் பங்கு. யூரியாவாக மட்டும் கணக்கிட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ ஐந்து மூட்டை ஆகும். 45 கிலோ மூட்டையில் உள்ள சத்து 20.7 கிலோ. முழங்கால் உயரத்திலிருந்து பூக்கும்வரைதான் பயிர் வேகமாக உறிஞ்சுகிறது என்பதால் இந்தப் பகிர்வு சரியானதே. ஆனால் வேம்புப் பூச்சு இருக்கிறது என்று நம்பி மேலுரத்தை, அதாவது விதைத்த பின் இடும் பங்குகளை, தூவிவிட்டுப் போவது பெரிய இழப்பு. அந்தப் பூச்சு, மண்ணில் உள்ள அம்மோனியமானது நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துமே தவிர, ஈர மண்ணின்மேல் கிடக்கும் யூரியா அம்மோனியாவாகிக் காற்றோடு போவதைப் பெரிதாகத் தடுக்காது. செடியின் ஓரத்தில் இட்டு உடனே மண் அணைப்பதுதான் அதைத் தடுக்கும். அதற்கான கூலியை வீண்செலவாகக் கருதக்கூடாது.

சொட்டுநீர் வழியே சத்தைச் சிறுகச் சிறுக, வேர் இருக்கும் இடத்திலேயே கொடுக்கலாம் என்பதால் திறனில் இதுவே முந்துகிறது. எனினும் யூரியா நீரோடு எளிதில் நகரும். உரம் விட்டபின் நெடுநேரம் நீர் பாய்ச்சினால் அது வேருக்குக் கீழே இறங்கிவிடும். சிறு, குறு உழவர்களுக்கு முழு மானியம் கிடைத்தாலும், மக்காச்சோளத்துக்காக மட்டும் குழாய் போடச் சொல்லமாட்டேன். காய்கறியும் மாற்றிப் பயிரிடும் நிலத்துக்கே அது பொருந்தும்.

நானோ யூரியா பாட்டில் ஒன்று ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு என்பதைச் சோதிக்க எளிய கணக்கே போதும். 2021இல் வெளிவந்த 4 சதவீத, 500 மில்லி பாட்டிலில் உள்ள தழைச்சத்து 20 கிராம். 25 குவிண்டால் தானியமோ 30 கிலோவுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. மேலுரத்துக்குத் துணையாக வேண்டுமானால் தெளிக்கலாம், ஒரு மூட்டைக்கு ஈடாக எண்ணிவிடக்கூடாது.

புரட்டாசியில் விதைத்து ஐப்பசி மழையை நம்பும் மானாவாரிக் காட்டில் நாள்கணக்கைவிட இலையின் நிறமே நல்ல வழிகாட்டி. இலை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு, இலை வெளிறியிருந்தால் மட்டும், கனமழை முன்னறிவிப்பு இல்லாத நாளில், மண்ணில் ஈரம் இருக்கும்போதே மேலுரத்தை இட்டு மூடுவதையே அங்கு நான் பரிந்துரைப்பேன்.