ஒரே ஊர், இரண்டு பிழைப்பு: வேட்டையா, விவசாயமா?

காட்டில் வேட்டையாடிச் சேகரித்த வாழ்க்கை நல்லதா, விதைத்து அறுத்த வாழ்க்கை நல்லதா? பொதுவாகப் பேசினால் இந்தக் கேள்விக்கு முடிவே கிடையாது. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வாழ்ந்து பார்த்த ஊர் ஒன்று இருந்தது. வட சிரியாவில், யூப்ரடீஸ் ஆற்றோரம் இருந்த அபு ஹுரைரா. தப்கா அணை கட்டப்பட்டபோது, தண்ணீர் ஏறுவதற்குள் 1972-73இல் தொல்லியலாளர் ஆண்ட்ரூ மூர் குழுவினர் அவசர அவசரமாகத் தோண்டினார்கள். இன்று அந்த மேடு ஏரிக்கு அடியில்.

முதல் ஊருக்கு வயது சுமார் 13,000 ஆண்டுகள். தரையைக் குழித்து, மேலே நாணல் வேய்ந்த குடிசைகள். யாரும் உழவில்லை, ஆனாலும் ஊர் நிலையாக இருந்தது. விவசாயம் வந்த பிறகுதான் மனிதன் ஓரிடத்தில் தங்கினான் என்று பள்ளியில் படித்த நமக்கு இது பெரிய திருத்தம். தோண்டிய மண்ணைத் தண்ணீரில் கரைத்தபோது மிதந்து வந்த கரிந்த விதைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட செடி வகைகள் இருந்தன. மான் எலும்புகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. குட்டிகளின் பற்களைப் பார்த்தால் பிறந்த புதிது, ஒரு வயது, இரண்டு வயது என்றே வருகின்றன. இடைப்பட்ட வயது அரிது. அதாவது ஆண்டுக்கு ஒருமுறை, கோடைத் தொடக்கத்தில் மந்தை இடம்பெயரும்போது மொத்தமாக வேட்டை.

உழைப்புக் கணக்கிலும் இந்தப் பக்கம் இளைத்ததில்லை. 1960களில் ஜாக் ஹார்லன் என்ற தாவர ஆய்வாளர் தென்கிழக்குத் துருக்கியில் கல் அரிவாளால் காட்டுக் கோதுமையை அறுத்துப் பார்த்தார். மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ சுத்தமான தானியம் கிடைத்தது. ஒரு குடும்பம் மூன்று வாரம் அறுத்தால் வருஷச் சாப்பாட்டுக்கு மேலேயே சேர்ந்துவிடும் என்றார்.

இரண்டாவது ஊர், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன். மண் செங்கல் வீடுகள். கோதுமை, பார்லி, பருப்பு வகைகள். வளர்ந்தபோது ஆயிரக்கணக்கில் ஜனம். மானை மட்டும் உடனே கைவிடவில்லை. பயிர் செய்துகொண்டே நெடுங்காலம் வேட்டையாடினார்கள். ஆடு மந்தைகள் பிறகுதான் அந்த இடத்தைப் பிடித்தன.

இந்த ஊரின் விலை எலும்பில் எழுதியிருக்கிறது. தியா மோலெசன் என்ற ஆய்வாளர் எலும்புக்கூடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கால் பெருவிரல் மூட்டு தேய்ந்திருந்தது, முழங்காலிலும் இடுப்புக்கு மேலான முதுகெலும்பிலும் சேதம். பெரும்பாலும் பெண்கள். மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றி, நம் அம்மியைப் போன்ற கல்லில் தினமும் மணிக்கணக்காக முன்னும் பின்னும் தள்ளி மாவரைத்ததன் பலன் அது. மாவில் கலந்த கல்தூள் பற்களையும் தின்றது. முதல் ஊரிலும் அரைக்கும் கல் உண்டு. ஆனால் அங்கே தானியம் பல உணவுகளில் ஒன்று. இங்கே அதுதான் சோறு.

தனி மனித உடம்பை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் என் ஓட்டு முதல் ஊருக்கு, அந்த அரைத்த பெண்களை நினைத்தாவது. ஆனால் அந்த வாழ்க்கைக்கு ஒரு பெரிய பலவீனம்: சுற்றுப்புறம் கொடுக்கும்வரைதான். சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் வந்த திடீர்க் குளிர்காலகட்டத்தில் பூமி வறண்டு, சுலபமாகக் கிடைத்த செடிகள் குறைந்தன. அப்படிப்பட்ட காலத்தில் விதையைச் சேமித்துத் திரும்ப விதைக்கத் தெரிந்தவர்களுக்குப் பிடிமானம் இருந்தது. இன்னொன்று பிள்ளைப்பேறு. தானியம் விளையும் ஊரில் கஞ்சி கொடுத்துத் தாய்ப்பாலைச் சீக்கிரம் நிறுத்தலாம். அடுத்த குழந்தை விரைவில் வரும். வாய்கள் பெருகிய பிறகு பழைய பிழைப்புக்குத் திரும்ப வழியில்லை. ஆக, விவசாயம் வென்றது சுகத்தால் இல்லை, தலைக்கணக்கால்.

இந்த ஒப்பீட்டில் பலர் விட்டுவிடும் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு: தானியத்தை வசூலிப்பவர். நூறு செடியிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிய உணவில் யாரும் பங்கு கேட்க முடியாது. ஒரே சமயத்தில் விளைந்து குதிரில் கிடக்கும் பார்லியை அளக்கலாம், எடுத்துப் போகலாம். கி.மு. 3300 வாக்கில் தெற்கு மெசபடோமியாவின் உருக் நகரில் அதுதான் நடந்தது. அங்கே கிடைத்த ஆதி எழுத்துப் பலகைகளில் பெரும்பகுதி பார்லி, பீர், ஆட்கள் என்று வரவு-செலவுதான். அச்சில் வார்த்த முரட்டு மண்கிண்ணங்கள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. வேலையாட்களுக்குப் படியளந்த கிண்ணங்கள் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அபு ஹுரைராவின் பெண் அரைத்தது தன் வீட்டுக்கு. உருக்கில் விளைச்சலின் ஒரு பங்கு கோயில் கிடங்குக்குப் போய், கூலியாகத் திரும்பி வந்தது.