கண் தெரியாத பூனைக்கு ஓடும் தண்ணீர்ப் பாத்திரம்: தருமபுரித் தண்ணீரில் எப்படி உழைக்கிறது?

வீட்டில் கண் தெரியாத பூனை இருந்தால், மோட்டார் வைத்துத் தண்ணீரை அடியிலிருந்து மேலே ஏற்றி ஓடவிட்டுக்கொண்டே இருக்கும் தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றை யோசிக்காமல் வாங்கலாம். பார்வையுள்ள பூனைக்கு அது இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. எங்கள் சாம்பிக்கோ அதுதான் வீட்டுக்குள் திசை சொல்கிறது.

நான் குமாரசாமிப்பேட்டையில் வீட்டு முன்னறையிலேயே துணி தைக்கிறேன். சாம்பிக்குக் குட்டியாக இருந்தபோதே சளி பிடித்து, கிருமி கண்ணில் இறங்கிப் புண்ணாகி, இரண்டு கண்ணும் போய்விட்டன. தொப்பூர் கணவாய் தாண்டி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். பார்வை திரும்பாது, ஆனால் நன்றாக வளர்க்கலாம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். அப்படித்தான் வளர்கிறாள். பகலில் என் தையல் மெஷின் சத்தத்தை வைத்தே முன்னறை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வாள். மெஷினை நிறுத்திவிட்டு நான் அடுப்படிக்குப் போனால் கூடத்தின் நடுவில் நின்று காதுகளைத் திருப்பிக்கொண்டே இருப்பாள். இரவில் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு சத்தமும் கிடையாது. அதற்காகத்தான் இதை வாங்கினேன்.

இணையத்தில் வாங்கியது. இரண்டு லிட்டர் பிடிக்கும். உடம்பு பிளாஸ்டிக், மேல்தட்டு எவர்சில்வர். விலை 1,300 ரூபாய்க்குப் பக்கம். செல்போன் சார்ஜரிலேயே ஓடுவதால் கரண்ட் பில்லில் ஒன்றும் தெரியாது. மேல்தட்டு எவர்சில்வராகப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து அழுக்குத் தங்கினால் சில பூனைகளுக்கு முகவாயில் கறுப்புக் கறுப்பாகப் பரு வரும்.

தண்ணீர் மூன்று விதமாக விழும்: குழாய் போலக் கொட்டலாம், பூ போல விரியலாம், அல்லது நடுவில் மெல்லக் கொப்பளிக்கலாம். கண் தெரியாத பூனைக்குக் கொப்பளிப்பதுதான் சரி. கொட்டும் தண்ணீர் எங்கே விழுகிறது என்று தெரியாமல் முகத்தை நீட்டினால் மீசையில் தெறித்துவிடும், பயந்து பின்வாங்குவாள். கொப்பளிக்கும் சத்தம் நமக்கு இரவில்தான் லேசாகக் கேட்கிறது. நம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் எட்டும், பூனைக்கு 64,000 வரை எட்டும். பின்கட்டில் படுத்திருப்பவளுக்கு அது போதும். நேராக எழுந்து வருகிறாள், இடையில் எதிலும் முட்டுவதில்லை.

பாத்திரத்தின் கீழே தென்னை நார் மிதியடி ஒன்று போட்டிருக்கிறேன். பூனைக்கு முகத்தில் மட்டுமல்ல, முன்னங்காலின் பின்பக்கத்திலும் மீசை மயிர் உண்டு. சத்தம் திசையைச் சொல்லும், கால் வைத்ததும் சொரசொரப்பு ‘வந்துவிட்டாய்’ என்று சொல்லும். மோட்டாரின் அதிர்வும் தரையில் இறங்காது. ஒயரைச் சுவரோரமாகவே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், காலில் சிக்கக்கூடாது. வைத்த இடத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோதுகூட எங்கள் பாத்திரம் நகரவில்லை, அந்த மூலையை விட்டுவிட்டுத்தான் அடித்தோம்.

இனி, நம் ஊர்க்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது தண்ணீர். போர் தண்ணீர் ஊற்றினால் மோட்டாரின் சின்ன விசிறியில் வெள்ளையாக உப்புப் படிந்துவிடும். முதலில் கொப்பளிப்பு தளரும், அப்புறம் மோட்டார் உறுமும். அந்த உறுமல் தண்ணீர்ச் சத்தத்தையே அமுக்கிவிடுகிறது, சாம்பி பக்கத்தில் வரமாட்டாள். மாதம் ஒருமுறை கழுவினால் போதும் என்று கூடவே வந்த காகிதத்தில் போட்டிருக்கிறார்கள். தருமபுரிக்கு அது பொருந்தாது. வாரம் ஒருமுறை மோட்டாரைப் பிரித்து, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். எலுமிச்சை வாசம் பூனைக்கு ஆகாது. அந்த வாசம் போகும்வரை அலசுங்கள்.

உள்ளே இருக்கும் கரி ஃபில்டர் முடியையும் வாடையையும் பிடிக்கும், உப்பையோ புளோரைடையோ எடுக்காது. புளோரைடு நம் மாவட்டத்தில் எத்தனை பேரின் பல்லையும் எலும்பையும் கெடுத்திருக்கிறது என்று வெளியாருக்குச் சொல்லித்தான் புரியும். குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது கணக்கு. அதற்காகத்தானே ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013 முதல் அந்தக் காவிரித் தண்ணீரைக் குடிக்கிறோம். சாம்பிக்கும் அதையேதான் ஊற்றுகிறேன். நான் குடிக்காத தண்ணீரை அவள் ஏன் குடிக்க வேண்டும்? உப்புப் படிவதும் பாதிக்குமேல் குறைந்துவிட்டது.

“பூனைக்குப் பால் ஊத்துனா பத்தாதாக்கா, இதுக்கு எதுக்கு இவ்வளவு?” என்று ரவிக்கை தைக்க வருகிறவர்கள் கேட்பார்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். ஒரு கிலோ எடைக்குச் சாப்பாட்டில் இருப்பதையும் சேர்த்து நாளுக்கு 50 மில்லி அளவுக்குத் தண்ணீர் உள்ளே போக வேண்டும். குறைந்தால் மூத்திரப் பையில் கோளாறு வரும். சாம்பி இப்போது முன்பைவிட நன்றாகக் குடிக்கிறாள், அவள் மூத்திரம் போகும் மண்தட்டில் ஈரமண் கட்டிகள் பெரிதாக இருப்பதிலேயே அது தெரிகிறது.

பெரிய குறை ஒன்று உண்டு. கரண்ட் போனால் சத்தம் நிற்பதோடு, மேல்தட்டில் இருக்கும் தண்ணீரும் அடியில் இறங்கிவிடுகிறது. தாகத்தோடு வருகிறவள் காய்ந்த தட்டை நக்கிவிட்டு நிற்பாள். தயாரிக்கிறவர்கள் தட்டில் ஒரு விரல் ஆழத்துக்காவது தண்ணீர் தங்கும்படி குழி வைத்திருக்கலாம். இதற்கு மட்டும் ஒரு மதிப்பெண் குறைக்கிறேன், ஐந்துக்கு நான்கு. மிதியடியின் மறு ஓரத்தில் அகலமான மண்சட்டியில் எப்போதும் தண்ணீர் வைத்திருக்கிறேன். பவர் பேங்க்கில் செருகியும் ஓட்டலாம், ஆனால் சில பவர் பேங்க்குகள் இவ்வளவு குறைந்த மின்சாரம் எடுத்தால் ஒன்றும் ஓடவில்லை என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். பகலில் ஓட்டிப் பார்த்துவிட்டு இரவுக்கு நம்புங்கள்.

ஃபில்டர் நான் கேட்ட கடைகளில் இல்லை, இணையத்தில்தான் வரவழைக்கிறேன். வாங்குமுன் அந்த மாடலுக்கு மோட்டார் தனியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். இந்தத் தண்ணீருக்கு முதலில் போவது மோட்டார்தான். அது தனியாகக் கிடைத்தால், பூனைக்குப் பழகிய சத்தமும் பாத்திரமும் மாறாமல் ஓட்டிக்கொண்டு போகலாம்.