மெடூசாவுக்கு எதற்கு ஆக்டோபஸ் கை?

கிரேக்கப் புராண அரக்கர்களைப் பிரபஞ்சத் திகில் (மனித அறிவுக்கு எட்டாத பிரமாண்டமான ஒன்றின் முன்னால் வரும் பயம்) பாணியில் வார்த்த ரெசின் பொம்மை செட் ஒன்று வாங்கினேன். மொத்தம் 5 உருவங்கள். மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பெயின்ட் அடித்து முடித்தாயிற்று.

முதலில் திட்டிவிடுகிறேன். மெடூசாவின் தலையில் பாம்புகளை எடுத்துவிட்டு ஆக்டோபஸ் கைகளை ஒட்டியிருக்கிறார்கள். இந்தத் திகில் பாணியின் முன்னோடி எழுத்தாளர் லவ்கிராஃப்டின், 1928இல் அச்சில் வந்த கதையின் அரக்கன் க்துல்ஹுவுக்கு ஆக்டோபஸ் தலை, சரி. அதற்காக எல்லார் தலையிலுமா? அதுவும் முகத்தின் மேலே தொங்குவதில் கண்ணே தெரியவில்லை. அவளைப் பார்த்தால் கல்லாகிவிடுவோம் என்பதுதானே பயமே! பல தலைப் பாம்பு ஹைட்ரா, வழக்கமான ஹைட்ராதான். ராட்சதன் டைஃபோனுக்குப் பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியட் நூறு பாம்புத் தலை சொல்கிறார். நான் எண்ணியதில் முப்பதைத் தாண்டவில்லை.

கடல் அரக்கி ஸ்கில்லா வேறு ரகம். இதைச் செதுக்கியவர் ‘ஒடிசி’ காவியம் பாடிய ஹோமரை உட்கார்ந்து படித்திருக்கிறார். பன்னிரண்டு கால், ஆறு நீளக் கழுத்து, கடுகு மாதிரி இருக்கும் ஒவ்வொரு வாய்க்குள்ளும் மூன்று வரிசைப் பல். பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்க முடிந்தது. கறுப்பு வாஷ் (பள்ளங்களில் இறங்கும் நீர்த்த பெயின்ட்) கொடுத்து, வாய்க்குள் மட்டும் பளபளக்கும் வார்னிஷ் தொட்டதும் எச்சில் ஊறுவது போலவே ஆகிவிட்டது.

ஆனால் இந்த செட்டை வாங்க வேண்டியது இன்னொரு கடல் அரக்கி காரிப்டிஸுக்காக. ஹோமர் அவளுக்கு உடம்பே சொல்லவில்லை. நாளைக்கு மூன்று தடவை கடலை உறிஞ்சித் துப்புவாள். உறிஞ்சும்போது அடியில் கரிய மணல் தெரியும், அவ்வளவுதான். இங்கேயும் அரக்கி இல்லை. ஒரு சுழி, ஒரு உடைந்த துடுப்பு, அடியில் மணல். மணலில் அலை வரி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து பிரஷ்ஷை ஓட்டிக்கொண்டிருந்தேன். விளக்கைச் சாய்த்தபோதுதான் புரிந்தது, அது கைரேகை. கடலின் தரை மொத்தமும் ஏதோ ஒன்றின் ஒற்றை விரல் நுனி. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன்.

இவ்வளவு செய்துவிட்டு, விளையாடக் கொடுத்த அட்டையில் அவளுக்கு ‘உயிர் 20’ என்று போட்டிருக்கிறார்கள். இருபது அடி அடித்தால் செத்துப்போகிற பிரபஞ்சத் திகிலா? அந்த அட்டையை மட்டும் பெட்டியிலேயே விட்டுவிட்டேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ரெசின் மெலிசு. தாங்கு குச்சிகளை வெட்டும்போது ஸ்கில்லாவின் ஒரு கழுத்து முறிந்து, தலை எங்கேயோ உருண்டு போய்விட்டது. மாற்றுத் தலை கேட்டு எழுதினேன், பதில் இல்லை. அப்புறம் அப்படியே விட்டுவிட்டேன். ஹோமரின் நாயகன் ஒடிசியஸின் கப்பலிலிருந்து தலைக்கு ஒருவராக ஆறு பேரைத் தூக்கியவள் அவள். என் அலமாரியில் ஒரு மாலுமி பிழைத்துக்கொண்டான்.